புத்தாண்டில் டர்பன் கடற்கரைக்குக் குழந்தையோடு போகலாமா? – பதில்

சகோதரி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இருக்கும் மாமியார் வீட்டார் உங்கள் மூன்று வயது மகனைப் புத்தாண்டன்று கடற்கரைக்கு அழைத்துப்போக வற்புறுத்துவதாக எழுதியிருந்தீர்கள். ஜனவரி 1 மட்டும் வேண்டவே வேண்டாம். அன்று மணல் தெரியாத கூட்டம். என் மகள் அந்த வயதில் என் விரலை விட்டு இரண்டு நிமிடம் காணாமல் போனாள். அவளுடைய ஈரமணல் கை மறுபடி என் சேலையைப் பற்றியபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

வேறொரு நாள் போங்கள். இந்தப் பருவத்தில் அங்கே ஐந்து மணிக்கே விடிந்துவிடும். ஆறு மணிக்குப் போய், வெயில் சுடுவதற்குள் திரும்பிவிடலாம். உயிர்காப்பாளர்கள் நட்டிருக்கும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் பிள்ளையைத் தண்ணீரில் இறக்குங்கள். தொலைபேசி எண் எழுதிய பட்டையை மணிக்கட்டில் கட்டுங்கள். கூட்டத்தில் பிள்ளை மிரள்வான் என்று மாமியாரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.