டர்பனிலிருந்து நான்கு பேர் க்ரூகர் வனவிலங்குப் பூங்காவுக்குப் போகிறோம். காருக்கு எந்த ஃபிரிட்ஜ் வாங்கலாம்?

கம்ப்ரஸர் உள்ளதையே வாங்குங்கள். விலை கூடத்தான். கம்ப்ரஸர் இல்லாத மலிவான தெர்மோஎலக்ட்ரிக் பெட்டி, வெளிவெப்பத்தைவிட ஏறக்குறைய 20 டிகிரிதான் குறைக்கும். ஜனவரிக் கோடையில் வெளியே 38 என்றால் உள்ளே 18. எங்கள் மீன் குழம்பு அதில்தான் நுரைத்துப்போனது. அதைக் கொட்டலாமென்றால், பூங்காவில் நினைத்த இடத்தில் காரைவிட்டு இறங்கவும் முடியாது. அந்த வாடையோடுதான் யானை பார்த்தோம்.

நான்கு பேருக்கு 40 லிட்டர் போதும். அப்புறம் பேட்டரி. கம்ப்ரஸர் ஓடும்போது 12 வோல்ட்டில் சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். ராத்திரி முழுக்க கார் பேட்டரியில் ஓடவிட்டால் காலையில் வண்டி கிளம்பாமல் போகலாம். பேட்டரி இறங்கினால் தானே அணையும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். முகாமில் பிளக் உள்ள இடமும் கிடைக்கும், அதனால் 230 வோல்ட்டிலும் ஓடுவது நல்லது. கிளம்புவதற்கு முந்தின இரவே வீட்டில் போட்டுக் குளிரவைத்துவிடுங்கள்.