அன்சி ஏரிக்கரைக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியான ஹோத்-சவ்வா பக்கம் குடியிருப்பதால் கோடை நெருங்கியதும் எனக்கு வரும் கேள்விகளில் பாதி இங்குள்ள அன்சி ஏரியைப் பற்றித்தான். பாரிஸ் புறநகரிலிருந்தும் சுவிஸிலிருந்தும் ஊரிலிருந்தும் இந்த முறை வந்தவற்றுக்கு இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

லா கூர்னவிலிருந்து ஒரு அம்மா: அக்கா, எனக்கு நாலு வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பிள்ளைகள். கடல் அலை என்றால் சின்னவனுக்குப் பயம். அன்சி ஏரியில் தண்ணீர் அசையவே அசையாது என்கிறார்களே, உண்மையா? எந்தக் கரைக்குப் போகலாம்?

அலை இல்லை, ஏற்றவற்றமும் இல்லை. படகு போனால் வரும் சிற்றலைதான். அந்த வகையில் உங்கள் சின்னவனுக்கு ஏற்ற இடம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தங்கச்சி. பனிப்பாறை குடைந்த பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி உண்டானது இந்த ஏரி. சுமார் 14 கிலோமீட்டர் நீளம், அகலம் கூடிய இடத்தில் 3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், மிக ஆழமான இடத்தில் 82 மீட்டர். பல இடங்களில் கரையிலிருந்து கொஞ்ச தூரம் முழங்கால் அளவாக இருக்கும், பிறகு தரை திடீரென்று இறங்கிவிடும். மேலிருந்து பார்த்தால் தண்ணீரின் நிறம் வெளிர்பச்சையிலிருந்து கருநீலமாக மாறும் கோடு தெரியும். பிள்ளைகளை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே வைத்திருங்கள். மிதவை கட்டிப் பிரித்த குளிக்கும் பகுதியைத் தாண்ட வேண்டாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் நகரத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்வேன். மேற்குக் கரையில் சேன்-ஜொரியோ, தெற்கு முனையில் துஸார், இந்த இரண்டு இடத்திலும் தரை மெதுவாக இறங்கும், பக்கத்திலேயே புல்தரையும் நிழலும் உண்டு. நகரத்துக்குள் அல்பின்யி, மார்கிசா இரண்டும் இலவசம், நடந்தே போகலாம், ஆனால் ஜூலை வந்துவிட்டால் துண்டு விரிக்க இடம் தேட வேண்டும். அம்பேரியால் பிளாஜுக்கு (பிளாஜ் என்றால் குளிக்கும் கரை) கோடையில் நுழைவுக் கட்டணம் உண்டு. கடற்கரை போல மணலை எதிர்பார்த்துப் போய் ஏமாறாதீர்கள்: இங்கே பெரும்பாலும் புல்லும் கூழாங்கல்லும்தான். பிள்ளைகளுக்குத் தண்ணீரில் போடும் ரப்பர் செருப்பு வாங்கிவிடுங்கள், மலிவுதான்.

பொந்துவாஸிலிருந்து: இவ்வளவு பேர் குளிக்கிற ஏரி, தண்ணீர் சுத்தமா?

சுத்தம். அன்சி நகரத்துக்குக் குடிநீரே இந்த ஏரியிலிருந்துதான் எடுக்கிறார்கள், சுத்திகரித்துத்தான்.

இது தானாக அமைந்தது இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் சுற்றியுள்ள ஊர்களின் சாக்கடை நேராக ஏரியில் விழுந்துகொண்டிருந்தது. மீன் குறைவதை முதலில் கவனித்தவர்களில் மீனவர்கள் இருந்தார்கள். போல் செர்வெத்தாஸ் என்ற மருத்துவர் இதை விடாமல் எழுதியும் பேசியும் வந்தார். 1957-இல் கரையோர ஊராட்சிகள் கூடி ஒரு கூட்டமைப்பு அமைத்தன. ஏரியைச் சுற்றிலும் குழாய் பதித்து, கழிவுநீர் முழுவதையும் ஏரிக்குள் விழவிடாமல் வளைத்து எடுத்து, ஏரிக்குக் கீழே உள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். சாக்கடைக் குழாய்க்கு யாரும் ரிப்பன் வெட்டிக் கொண்டாடுவதில்லை, வாக்கும் விழாது. அந்தக் காலத்திலேயே அதில் பணத்தைப் போடத் துணிந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். நம் ஊர் ஏரிகளை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் விடலாம்.

க்ரெத்தேயிலிருந்து: போன வருடம் வேறு ஒரு ஏரியில் குளித்துவிட்டு வந்த ராத்திரி என் மகளுக்குக் காலெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்துவிட்டது. மருந்துக்கடையில் 'பியூஸ் து கனார்', அதாவது வாத்துத் தெள்ளு, என்றார்கள். அன்சியிலும் உண்டா?

உண்டு, வெயில் கூடிய ஜூலை, ஆகஸ்டில் சில நாட்கள் வரும். அது பேனோ தெள்ளோ இல்லை. வாத்தின் உடம்பில் வாழும் ஒரு ஒட்டுண்ணிப் புழு, அதன் முட்டை எச்சத்தோடு தண்ணீரில் விழுகிறது, பிறகு நத்தைக்குள் வளர்ந்து கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சாக வெளியே வந்து மறுபடி ஒரு வாத்தைத் தேடுகிறது. நம் தோலை வாத்து என்று நினைத்துத் துளைத்துவிட்டு உள்ளேயே செத்துப்போகிறது. உடம்பில் பெருகாது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அரிப்பு மட்டும் சில நாள் படாத பாடு படுத்தும்.

கரையோரத்தில் சூடாகிக் கிடக்கும் ஆழமற்ற தண்ணீரில்தான் இவை கூடுதல். அதாவது சின்னப் பிள்ளைகள் மணிக்கணக்கில் உட்கார்ந்து விளையாடும் இடம். அதனால் நீண்ட நேரம் ஊறவிடாமல் இடையிடையே வெளியே கூப்பிடுங்கள். வந்ததும் துண்டால் நன்றாக அழுத்தித் துடையுங்கள், ஷவர் இருந்தால் உடனே குளிப்பாட்டுங்கள். ஈரத்தோடு வெயிலில் காய விடுவதுதான் தப்பு. வாத்துக்கு ரொட்டி போடுவதையும் நிறுத்துங்கள், போட்டால் அவை குளிக்கும் இடத்தை விட்டுப் போகாது. அரிப்பு வந்துவிட்டால் மருந்துக்கடையில் காட்டி மருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பொபினியிலிருந்து: அக்கா, கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நீச்சலுடை போட எனக்கு விருப்பமில்லை. சுடிதாரோடு இறங்கலாமா?

இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை, நிறையப் பேர் கேட்கிறார்கள். நகராட்சி நீச்சல் குளங்களில்தான் உடை விதிகள் கறார், ஆண்களுக்குத் தொளதொள அரைக்கால்சட்டை கூட ஆகாது. ஏரிக்கரையில் அவ்வளவு இல்லை, இருந்தாலும் ஒவ்வொரு ஊராட்சியும் தன் விதியை நுழைவாயில் பலகையில் எழுதி வைத்திருக்கும், ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சுடிதார் வேண்டாம் என்று நான் சொல்வது வேறு காரணத்துக்காக. பருத்தித் துணி தண்ணீர் குடித்துக் கனத்துக் காலைச் சுற்றும், துப்பட்டா சொல்லவே வேண்டாம். பிள்ளை வழுக்கினால் பாய்ந்து பிடிக்க முடியாது. முழுக்கை வைத்த வெயில்தடுப்பு நீச்சல் சட்டையும் கணுக்கால் வரை வரும் நீச்சல் லெகின்ஸும் தெக்காத்லோன் விளையாட்டுப் பொருள் கடையில் கிடைக்கும். வெள்ளைக்காரர்களே வெயிலுக்குப் பயந்து அந்தச் சட்டையைப் போடுகிறார்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அதே ஊரிலிருந்து, இன்னொருவர்: சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா? அடுப்பு மூட்டிக் கோழி சுடலாமா?

கட்டுச்சோறு தாராளமாக. புளிச்சாதம் அந்த வெயிலுக்குத் தாங்கும், தயிர்ச்சாதம் என்றால் குளிர்பெட்டி வேண்டும். அடுப்பு கூடாது. கண்ணாடிப் போத்தலும் பல இடங்களில் தடை. நாயைக் கூட்டிப்போக முடியாது. 2025 கோடையிலிருந்து பிரான்ஸ் முழுக்கக் குளிக்கும் பருவத்தில் பிளாஜில் சிகரெட்டுக்கும் தடை, பிடித்தால் 135 யூரோ. சித்தப்பாமாருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வெளியே சாப்பிட விரும்பினால், செவ்வாய், வெள்ளி, ஞாயிறு காலையில் பழைய நகரத் தெருக்களில் சந்தை கூடும். பக்கத்து மலைகளின் ரெப்லோஷோன் சீஸ், பழம், ரொட்டி வாங்கிக்கொண்டு கரைக்குப் போய்விடலாம்.

சார்செலிலிருந்து: பாரிஸிலிருந்து காரிலா, ரயிலிலா?

இரண்டு நாளுக்குள் திரும்புவதென்றால் ரயில். பாரிஸின் 'கார் து லியோன்' ரயில் நிலையத்திலிருந்து நேரடி டிஜிவி அதிவேக ரயில் நாலு மணி நேரத்துக்குள் அன்சியில் விட்டுவிடும், நிலையத்திலிருந்து ஏரி கால்மணி நேர நடை. டிக்கெட்டை முன்கூட்டி எடுங்கள், கடைசி நேரத்தில் நாலு பேருக்கு எடுத்தால் விலை வயிற்றைக் கலக்கும்.

கார் என்றால், தூரம் பிரச்சினை இல்லை, நிறுத்துவதுதான் பிரச்சினை. கோடையில் காலை பத்து மணிக்குப் பிறகு கரையோர நிறுத்துமிடங்கள் நிறைந்துவிடும். மேற்குக் கரைச் சாலையில் மாலை நேர நெரிசலும் அப்படித்தான். சீக்கிரம் போய் மதியம் திரும்புங்கள். மாலையில் மலைப்பக்கம் திடீரென்று இடி மின்னல் வருவதும் உண்டு. இடி கேட்டால் மழைக்குக் காத்திருக்காமல் உடனே தண்ணீரை விட்டு ஏறிவிட வேண்டும்.

ஜெனீவாவிலிருந்து: நாங்கள் காரில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுவோம். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை வரலாம் என்று இருக்கிறோம் அக்கா.

அந்த நாளைத் தவிர எந்த நாளும் வாருங்கள்! அன்றைக்குத்தான் வழக்கமாக ஏரித் திருவிழா, ராத்திரி தண்ணீர் மேல் பெரிய வாணவேடிக்கை. அதைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் சரி. அமைதியாகக் குளிக்க என்றால் சாலையிலேயே நாள் போய்விடும். எல்லை தாண்டுவதால் குடும்பத்தில் எல்லோருடைய அடையாள அட்டையும் வதிவிட அட்டையும் கையில் இருக்கட்டும்.

லோசானிலிருந்து ஒரு அப்பா: மகனுக்கு ஐந்து வயது. மிதவை வளையம் போதுமா, கைப்பட்டை வேண்டுமா?

வளையம் விளையாட்டுச் சாமான். கவிழ்ந்தால் தலை கீழே போய்விடும், காற்று அடித்தால் பிள்ளையோடு சேர்த்து ஆழத்துக்கு இழுத்துப் போகும். நீந்தத் தெரியாத பிள்ளைக்கு இரண்டு கையிலும் மாட்டும் பட்டைதான், அளவும் சிஇ (CE) என்ற ஐரோப்பியத் தர முத்திரையும் பார்த்து வாங்குங்கள். அதுவும் போதாது. உங்கள் கை எட்டும் தூரத்தில் அவன் இருக்க வேண்டும், போன் பையில் இருக்க வேண்டும். மூழ்கும் பிள்ளை கத்தாது. அமைதியான தண்ணீரில் பெற்றோர் அசந்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்குள்ள ஒரே கவலை.

பெரிய பிளாஜ்களில் ஜூலை, ஆகஸ்டில் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். பச்சைக் கொடி என்றால் காவல் இருக்கிறது, ஆபத்து தெரியவில்லை. மஞ்சள் என்றால் காவல் உண்டு, ஆனால் கவனம். சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. ஊதா பறந்தால் தண்ணீர் மாசு. கொடியே இல்லையென்றால் காவல் இல்லை என்று அர்த்தம். அவசரத்துக்கு 112.

ஒரு அண்ணா: யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள். இருவருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது, குளிக்க மாட்டார்கள். அவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது தங்கச்சி?

அவர்களுக்குத்தான் அண்ணா அன்சி இன்னும் பிடிக்கும். ஐரோப்பா தோட்டத்தில் பெரிய மரங்களின் நிழலில் உட்காரலாம், அங்கிருந்து காதலர் பாலம் சில அடி தூரம். துறையிலிருந்து ஏரியைச் சுற்றும் படகு ஏறினால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தபடியே துயின் கோட்டை, மந்தோன் கோட்டை எல்லாம் பார்த்துவிடலாம். அல்பின்யியை ஒட்டிய நடைபாதை மேடு பள்ளமில்லாதது, சக்கர நாற்காலியும் போகும். கோடையானாலும் படகில் காற்று குளிரும், அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் நிழலில் இருக்கும் நேரத்தில் நீங்கள் பிள்ளைகளோடு மேற்குக் கரைச் சைக்கிள் பாதையில் போகலாம். பழைய ரயில்பாதையை எடுத்துவிட்டுப் போட்டது, அதனால் ஏற்றம் அதிகமில்லை. துயினில் ரயில் போன சுரங்கத்துக்குள்ளேயே சைக்கிளில் போவது பிள்ளைகளுக்குத் தனிச் சந்தோஷம். ஏரியை முழுவதும் சுற்றினால் ஏறக்குறைய 40 கிலோமீட்டர், கிழக்குப் பக்கம் ஏற்றமும் உண்டு, சின்னவர்களோடு அதற்கு ஆசைப்படாதீர்கள்.

வில்நவ்-சேன்-ஜோர்ஜிலிருந்து: தண்ணீர் குளிருமா? எந்த மாதம் நல்லது?

கடல்மட்டத்திலிருந்து 447 மீட்டர் உயரம், சுற்றிலும் மலை. ஜூலை, ஆகஸ்டில் மேல்தண்ணீர் 22, 24 பாகை வரை போகும். ஜூனில் வெயில் சுட்டாலும் தண்ணீர் சில்லென்று இருக்கும். வெயிலில் காய்ந்த உடம்போடு குதிக்காமல் கழுத்தையும் கையையும் நனைத்து மெதுவாக இறங்குங்கள். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள் மட்டும் என்றால் செப்டம்பர் முதல் வாரத்தைத்தான் நான் சொல்வேன். தண்ணீரில் சூடு மிச்சம் இருக்கும், கூட்டம் போயிருக்கும். உயிர்காப்பாளரும் பெரும்பாலும் போயிருப்பார், அதை நினைவில் வையுங்கள்.

மறுபடியும் க்ரெத்தே: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கூட்டம்தான் பயமாக இருக்கிறது. வேறு ஏரி ஏதாவது?

ஏக்பெலேத். லியோனிலிருந்து ஷம்பேரி போகும் ஏ43 நெடுஞ்சாலை பக்கத்திலேயே போகிறது. அன்சியைவிட மிகச் சின்னது, பெட்ரோல், டீசல் எஞ்சின் படகுக்கு அங்கே தடை, அதனால் சத்தமே இருக்காது. தண்ணீரும் அன்சியைவிடச் சூடு. கடைத்தெரு, பழைய நகரம் என்று சுற்ற ஒன்றும் இல்லை, குளிப்பதும் படகு வலிப்பதும் தூங்குவதும்தான். பிளாஜ்களுக்குக் கோடையில் கட்டணம் உண்டு. பெரியவர்கள் கூட வந்தால் அன்சி, பிள்ளைகள் மட்டும் என்றால் நானாக இருந்தால் ஏக்பெலேத்துக்குத்தான் காரைத் திருப்புவேன்.