மாமனாரின் 30-30 மூஸுக்குப் போதுமா?

கனடாவின் ஒன்டாரியோவில் மூஸ் என்ற ராட்சத மானை வேட்டையாட மாமனாரின் பழைய வின்செஸ்டர் 94 (30-30 ரகத் தோட்டா போடும், லீவரை இழுத்து ஏற்றும் துப்பாக்கி) போதுமா, கூர்முனைத் தோட்டா போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போதும், ஆனால் கிட்டத்தில்தான். 170 கிரெயின் (சுமார் 11 கிராம்) எடையுள்ள தோட்டா, 100 கஜத்துக்குள், மூஸ் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால்.

கெட்டியான கூர்முனைத் தோட்டா மட்டும் வேண்டவே வேண்டாம். இந்தத் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழாய்க்குள் வரிசையாகக் கிடக்கும். ஒன்றின் முனை அடுத்ததன் பிரைமரில், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பகுதியில், முட்டிக்கொண்டிருக்கும். சுடும்போது வரும் அதிர்வில் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடலாம். தட்டைமுனையே வாங்குங்கள்.

அப்புறம், குண்டு பட்டதும் மூஸ் பெரும்பாலும் பொத்தென்று விழாது. ஒன்றுமே நடக்காதது போல நிற்கலாம். முதல் தடவை நான் குறி தப்பிவிட்டதென்றே நினைத்தேன். நின்றால் லீவரை இழுத்து இன்னொன்று போடுங்கள். தண்ணீரில் நிற்பதை மட்டும் சுடாதீர்கள். 400 கிலோவை யார் கரைக்கு இழுப்பது?