அச்சுக்குக் கொடுக்கும் முன் படம் ஆர்.ஜி.பி.யா, சி.எம்.ஒய்.கே.யா என்று எப்படிப் பார்ப்பது?

ஆர்.ஜி.பி. என்பது திரைக்கான சிவப்பு, பச்சை, நீல ஒளி. சி.எம்.ஒய்.கே. என்பது அச்சு மைகளான சயான் (வெளிர்நீலம்), மெஜந்தா (ரோஜாச் சிவப்பு), மஞ்சள், கறுப்பு. போட்டோஷாப்பில் படத்தைத் திறந்தால் மேலே ஃபைல் பெயருக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கும். கோரல்டிராவில் படத்தை ஒரு கிளிக் செய்துவிட்டுக் கீழே ஸ்டேட்டஸ் பாரைப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் விண்டோஸில் ஜேபெக் ஃபைலை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ், டீடெய்ல்ஸ் போங்கள். பிட் டெப்த் 24 என்றால் ஆர்.ஜி.பி., 32 என்றால் சி.எம்.ஒய்.கே. பி.என்.ஜி.யைப் பார்க்கவே வேண்டாம், அதில் சி.எம்.ஒய்.கே. கிடையாது.

இதைக் கேட்கிறீர்கள் என்றால் இன்றைக்கோ நாளைக்கோ பிளேட் (அச்சுத் தகடு) போடக் கொடுக்கப் போகிறீர்கள் போலிருக்கிறது. அதனால் எனக்கு நடந்ததையும் படித்துவிடுங்கள்.

2014இல் மதுரையில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தேன். ஒரு ஜவுளிக்கடைக்குத் தீபாவளிப் புடவை கேட்லாக், 16 பக்கம், 2000 பிரதி. சிவகாசியில் மல்டிகலர் ஆஃப்செட். அட்டையில் இங்க் புளூ பட்டு. கோரலில் பக்கத்தை சி.எம்.ஒய்.கே.யில்தான் செட் செய்திருந்தேன். ஆனால் உள்ளே இழுத்துப் போட்ட போட்டோக்கள் ஆர்.ஜி.பி.யாகவே கிடந்தன. பக்கத்தின் மோடு வேறு, படத்தின் மோடு வேறு என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. பண்டலைப் பிரித்தால் பட்டு கத்தரிப்பூ கலரில் இருக்கிறது. கடை அண்ணாச்சி அந்தப் புடவையையே கொண்டுவந்து அட்டைக்குப் பக்கத்தில் விரித்தார். "தம்பி, இதைப் பாத்துட்டு கத்தரிப்பூ கலர் கேட்டு வர்றவங்களுக்கு நான் எதை எடுத்துக் காட்ட?" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அட்டையை மறுபடி அடித்த செலவு என் தலையில்தான் விழுந்தது.

மையில் நீலம் என்பது சயானும் மெஜந்தாவும் சேர்ந்து வருவது. மெஜந்தா சயானை நெருங்கினால் ஊதாவாகிவிடும். திரையின் சுத்த நீலத்தை போட்டோஷாப் அதன் வழக்கமான செட்டிங்கில் மாற்றினால் சயான் 88 சதவீதம், மெஜந்தா 77 சதவீதம் என்று வருகிறது. மெஜந்தாவைச் சயானைவிட 30 புள்ளியாவது குறைவாக வைத்தால்தான் நீலம் நீலமாக நிற்கும்.

'ஆர்.ஜி.பி.யாகவே கொடுங்கள், ரிப் மாற்றிக்கொள்ளும்' என்று சிலர் கமென்டில் வருவார்கள். ரிப் என்பது ஃபைலைப் பிளேட்டுக்கு ஏற்றபடி மாற்றும் அச்சக மென்பொருள். புரொஃபைல் (மைக்கும் பேப்பருக்கும் ஏற்ற கலர் கணக்கு) ஒழுங்காக வைத்திருக்கும் அச்சகத்தில் அது நடக்கும், மறுக்கவில்லை. நாமே மாற்றினாலும் திரையில் பார்த்த பளபளப்பு வராது என்பதும் தெரியும். ஆனால் மங்குவது என் கண் முன்னால் மங்கும். கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டி, புரூஃப் எடுத்துக் கையெழுத்து வாங்கலாம். ஸ்டுடியோ லேபில் போட்டோ போடுவதற்கு மட்டும் மாற்றிவிடாதீர்கள், அங்கே ஆர்.ஜி.பி.யின் ஒரு வகையான எஸ்.ஆர்.ஜி.பி.தான் கேட்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் பல அச்சகங்கள் வாசலில் 'டிசைன் இலவசம்' என்று போர்டு வைக்கின்றன. பேப்பருக்கும் பிளேட்டுக்கும் காசு, ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் திறந்து பார்ப்பவனுக்கு மட்டும் கிடையாதா? போன வாரம்கூட ஒருவர், அழைப்பிதழ் டிசைனுக்கு 300 ரூபாய் என்றதும் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அதில் இருந்த படம் எல்லாம் ஆர்.ஜி.பி. அதைச் சொல்வதற்குக்கூட அவர் நிற்கவில்லை.