கிதாருக்கு டிஜிட்டல் ஆம்ப்: மைக்செட்காரரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்
நுகர்வோர் கேள்வி-பதில்

மெல்லிசைக் குழுவினரும் ஆலயப் பாடற்குழுவினரும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து எழுதிய கடிதங்களைச் சுருக்கி, இந்த முறை ஒரே இடத்தில் தந்திருக்கிறேன். எல்லாமே கிதார் ஆம்ப், பிராசஸர் பற்றியவை.

கேள்வி: மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிக்கிறேன். திருவிழா, திருமண வரவேற்பு என்று மாதம் ஆறேழு மேடைகள் கிடைக்கின்றன. கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. டிஜிட்டல் ஆம்ப் வாங்குவதா, காலால் மிதிக்கும் பிராசஸர் வாங்குவதா?
— பாலக்கோடு வாசகர்

பதில்: நான் முதலில் தேடிய செய்தி உங்கள் கடிதத்தில் இல்லை. உங்கள் கிதாரின் ஓசை எந்தப் பெட்டி வழியாக மக்கள் காதுக்குப் போகிறது? நம் பக்கத்துத் திருவிழா மேடைகளில் நான் பார்த்தவரை, கிதார் வயர் மைக்செட்காரரின் மிக்ஸருக்குப் போய், பாட்டுக்கும் தபலாவுக்கும் வைத்திருக்கும் அதே பெட்டிகளில்தான் ஒலிக்கிறது. உங்கள் மேடைகளும் அப்படியே என்றால், ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறுவதால் முதுகுவலிதான் மிச்சம், பிராசஸரையே வாங்குங்கள். ஆம்ப் எப்படி ஒலிக்கும் என்பதையும், அதன் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன் மைக் வைத்தால் எப்படிக் கேட்கும் என்பதையும் கணக்கிட்டு, அதே ஓசையை மிக்ஸருக்கு நேராக அனுப்புவதற்கென்றே அது செய்யப்பட்டிருக்கிறது.

ஆனால் 30,000 ரூபாயையும் அதிலேயே கொட்டிவிட வேண்டாம். ஸூம் ஜி1எக்ஸ் ஃபோர், பாஸ் ஜிடி-1 போன்ற சிறிய கருவிகளில் மிக்ஸருக்கான மூன்று முள் இணைப்பு கிடையாது. மிக்ஸர் பந்தலின் மறுமுனையில் இருக்கும்போது சாதாரண கிதார் வயரை அவ்வளவு தூரம் இழுத்தால் இரைச்சல் சேரும். ஆகவே கிதார் ஓசையை இரைச்சல் சேராமல் தொலைவுக்கு அனுப்ப ஏற்றபடி மாற்றித் தரும் சிறிய பெட்டியான டிஐ பாக்ஸ் ஒன்றுக்கும் நல்ல வயர் இரண்டுக்கும் பணம் ஒதுக்குங்கள். மேலே சொன்ன இரு கருவிகளும் நான்கு பென்சில் செல்களில் இயங்கும் என்பதால், கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் கருவி அணைந்து எழ வேண்டியதில்லை. நம் ஊருக்கு இது சிறிய வசதி அன்று.

கேள்வி: ஒரு பிராசஸரில் 200 பிரீசெட் (சேமித்து வைத்த ஓசை அமைப்பு), இன்னொன்றில் 500. விலை வித்தியாசம் 4,000 ரூபாய். எது நல்லது?
— காவேரிப்பட்டணம் வாசகர்

பதில்: ஒரு கச்சேரியில் நீங்கள் மிதிக்கப்போவது நான்கு. அந்த நான்கையும் இருட்டில், குனியாமல், செருப்பில்லாத காலால் மாற்ற எதில் முடிகிறதோ அதை வாங்குங்கள்.

கேள்வி: வீட்டில் ஹெட்ஃபோனில் அருமையாக இருந்த பிராசஸர், மேடையில் நண்பரின் கிதார் ஆம்ப்பில் செருகியதும் தகர டப்பாவில் அடைபட்ட வண்டு போல ஒலித்தது. கருவி பழுதா? கடையில் மாற்றித் தரக் கேட்கலாமா?
— ஓசூர் வாசகர்

பதில்: கருவி பழுதில்லை, கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். கிதார் ஆம்ப்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் ஒலிக்காது. எலெக்ட்ரிக் கிதாருக்கு நாம் பழகிய அந்தக் கனிந்த ஓசை, இந்தக் குறையால் வருவதுதான். பிராசஸர் அந்த ஸ்பீக்கர் பெட்டியையும் சேர்த்தே போலி செய்து அனுப்புகிறது. அதை மீண்டும் உண்மையான ஆம்ப்பின் முன்பக்கத் துளையில் செருகினால், வெந்த சோற்றை மறுபடியும் உலையில் போட்ட கதைதான்: ஓசை இரண்டு ஆம்ப்பையும் இரண்டு பெட்டியையும் கடந்து குழைந்துபோய் வெளிவருகிறது. பிராசஸரில் பெட்டியைப் போலி செய்யும் கேபினெட் சிமுலேஷன் என்ற பகுதியை அணைத்துவிட்டு, ஆம்ப்பின் பின்புறம் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் என்ற துளை இருந்தால் அதில் செருகுங்கள். மிக்ஸருக்குப் போகும் நாளில் அந்தப் பகுதியை மறுபடியும் இயக்குங்கள்.

இதோடு விட்டுவிட என்னால் முடியவில்லை, ஏனென்றால் இது எனக்குப் பழைய கோபம். கடைகளில் இந்தக் கருவிகளை ஹெட்ஃபோனிலோ, கைக்கடக்கமான ஸ்பீக்கரிலோ போட்டுக் காட்டி விற்கிறார்கள். நாமும் வாய் பிளந்து கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணி வைக்கிறோம். குறைந்த ஒலியில் நம் காது அடித்தொனியையும் உச்சத்தொனியையும் சரியாகப் பிடிப்பதில்லை என்பதை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து வெளியிட்டுவிட்டார்கள். அதனால் வீட்டில் மெதுவாக வைத்துக் கேட்கும்போது நாம் அறியாமலேயே அந்த இரண்டையும் ஏற்றி, நடுத்தொனியைக் குறைத்து வைக்கிறோம். மேடையில் ஒலி ஏறியதும் காதுக்கு எல்லாமே கேட்கத் தொடங்குகிறது. அடித்தொனி பந்தலை அதிர வைக்கிறது, உச்சத்தொனி காதைக் குத்துகிறது, கிதார் குடியிருக்க வேண்டிய நடுத்தொனியைக் கீபோர்டு பிடித்துக்கொள்கிறது. உடனே கிதார் கலைஞர் கருவியைத் திட்டுவார். மைக்செட்காரர் கிதார் கலைஞரைத் திட்டுவார். நிகழ்ச்சி இல்லாத ஒரு பகலில் கருவியை எடுத்துக்கொண்டு மைக்செட்காரரின் குடோனுக்குப் போய், அவருடைய பெட்டியில், மேடை அளவு சத்தத்தில் வைத்து அந்த நான்கு பிரீசெட்டையும் சரிசெய்து சேமியுங்கள். அரைமணி நேரம் போதும். இதைச் செய்யாமல் அடுத்த விலையுயர்ந்த கருவியை வாங்கிய மூன்று பேரை எனக்குத் தெரியும்.

கேள்வி: எங்கள் ஆலயத்தில் கிதார் கலைஞருக்கெனத் தனியாக ஒரு பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப் உள்ளேயே அமைந்தது) வாங்க எண்ணுகிறோம். 1000 வாட் போதுமா?
— தேன்கனிக்கோட்டை வாசகி

பதில்: அட்டையில் அச்சிட்ட 1000 வாட் எந்த வாட் என்று கேளுங்கள். கண்ணிமைக்கும் நேரம் தாங்கும் உச்ச அளவைப் பெரிய எழுத்திலும், தொடர்ந்து தரக்கூடிய அளவைப் பொடி எழுத்திலும் போடுவது வழக்கம். சிலர் பொடி எழுத்தையும் போடுவதில்லை. நானே ஒருமுறை அந்தப் பெரிய எழுத்தை நம்பி ஒரு பெட்டி வாங்கி, பின்புறத் தகட்டைப் படித்தபோது தொடர் அளவு 200 வாட் என்று கண்டேன். அது இப்போது வீட்டில் துணி வைக்கும் மேசையாக இருக்கிறது. பிராசஸருக்கு ஏற்றது எல்லாத் தொனியையும் கூட்டாமல் குறைக்காமல் தரும் பெட்டி. எஃப்ஆர்எஃப்ஆர் என்று கேட்டால் கடையில் புரியும். கலைஞர் தம் வாசிப்பைத் தாம் கேட்பதற்கு மட்டும் என்றால் 10 அங்குலப் பெட்டியே தாராளம். வாங்கும் முன் ஆலயத்துக்கே கொண்டுவந்து ஒலிக்கச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பிராசஸரைப் புளூடூத் ஸ்பீக்கரில் இணைத்துச் சிறிய மேடைகளில் வாசிக்கலாமா?
— அரூர் வாசகர்

பதில்: கூடாது. புளூடூத்தில் 200 மில்லி விநாடி தாமதம் சாதாரணம். நீங்கள் 68 மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டு தாளத்தோடு வாசிப்பதற்குச் சமம்.

கேள்வி: நகையை அடகு வைத்து, பெங்களூரில் ஒரு கடையில் 48,000 ரூபாய்க்குப் பிராசஸர் வாங்கினேன். வாசிப்புதான் என் பிழைப்பு. 11-ஆம் நாள் திரை கருத்துவிட்டது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் இருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். பெட்டியில் இறக்குமதியாளர் முகவரியும் இல்லை.
— கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், மனம் கனத்தது. அந்த வரியைக் கண்டு பின்வாங்காதீர்கள். பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி முறையற்ற வணிகமாகும். ரப்பர் முத்திரையில் எதை அடித்தாலும் சட்டம் மாறிவிடாது. இறக்குமதியான பொட்டலத்தில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும் என்று பொட்டலப் பொருள் விதிகள், 2011 சொல்கின்றன. அது இல்லாததையும் பெட்டியோடு படம் எடுத்து வையுங்கள்.

கடைக்கு இன்றே விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) எழுதுங்கள். பழுது தெரிந்த நாள், கடைக்குப் போன நாள், அவர்கள் சொன்ன பதில் ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இதற்காகப் பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரும் உரிமையை 2019 சட்டம் தந்திருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை; காலக்கெடு 2 ஆண்டு. வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கி, தாமே பயன்படுத்துபவருக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று அதே சட்டத்தின் விளக்கம் கூறுகிறது. ஆகவே வாசிப்புதான் பிழைப்பு என்று எனக்கு எழுதிய வரியைப் புகாரிலும் தவறாமல் எழுதுங்கள்.

கேள்வி: ஐந்து மாதங்களுக்கு முன் வாங்கிய பிராசஸர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு கம்பெனி நல்லது என்று நண்பர் சொல்கிறார். பில் தொலைந்துவிட்டது, அட்டைப்பெட்டியை எறிந்துவிட்டேன். நுகர்வோர் ஆணையத்தில் பணம் கிடைக்குமா?
— ஊத்தங்கரை வாசகர்

பதில்: கிடைக்காது. மேலே உள்ள கிருஷ்ணகிரி வாசகரின் கடிதத்தைப் படியுங்கள். ஆணையம் அவர் போன்றவர்களுக்காக இருக்கிறது. வேண்டுமானால் நண்பரிடமே விற்றுப் பாருங்கள்.

கேள்வி: ஜெனரேட்டரில் ஓடும் மேடைகளில் ஆம்ப்பில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல். பிளக்கின் மூன்றாவது முள்ளை வெட்டிவிட்டால் நின்றுவிடும் என்கிறார்கள். கூடவே, பிராசஸரின் அடாப்டர் தொலைந்துவிட்டது. கீபோர்டின் அடாப்டர் அதில் சரியாகப் பொருந்துகிறது. பயன்படுத்தலாமா?
— பென்னாகரம் வாசகர்

பதில்: முள்ளை வெட்டாதீர்கள். இரைச்சலோடு உயிரும் நின்றுவிடலாம்: கிதார் கம்பியைத் தொட்ட கையோடு மைக்கில் உதடு வைப்பவர் நீங்கள்தான். ஆம்ப், பிராசஸர், மிக்ஸர் மூன்றுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள்; ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி அடித்திருக்கிறதா என்று பாருங்கள்; மிக்ஸருக்குப் போகும் வழியில் ஒலி வயரின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் உள்ள டிஐ பாக்ஸை வையுங்கள்.

அடாப்டர் பொருந்துவதை நம்ப வேண்டாம். கிதார் பிராசஸர்களில் பெரும்பாலானவை 9 வோல்ட், நடுமுனை எதிர்முனை (−); யமஹா கீபோர்டுகள் பலவற்றின் அடாப்டரோ 12 வோல்ட், நடுமுனை நேர்முனை (+). வோல்ட், முனை இரண்டும் கருவியில் அச்சிட்டபடியே இருக்க வேண்டும். ஆம்பியர் அதற்குக் குறையக் கூடாது, கூடினால் கெடுதியில்லை. நானும் ஒரு பொங்கல் நிகழ்ச்சிக்கு முந்தின இரவு, பொருந்துகிறதே என்று ஒன்றைச் செருகினேன். பழுது பார்ப்பவர் கருவியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, கூலி எதுவும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.