12 லட்சம் வரை வரி இல்லை என்றால், என் 1,400 ரூபாய் எங்கே போகிறது?

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஸ்கேன் மையத்தில் வரவேற்பிலும் பில் போடுவதிலும் இருக்கிறேன். மாதம் 14,000 ரூபாய் என்று பேசினார்கள். அதில் 1,400 ரூபாயை டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) என்று பிடித்துக்கொண்டு 12,600 தருகிறார்கள். 12 லட்சம் வரை வருமான வரி கிடையாது என்று அறிவித்த பிறகும் பிடித்தம் நிற்கவில்லை. கேட்டால், "எல்லோருக்கும் இப்படித்தான்" என்கிறார்கள். 15ஜி படிவம் கொடுத்தால் நிற்கும் என்று தோழி சொல்கிறாள். சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அம்மா பீடி சுற்றுகிறார். இந்த வரிக் குறைப்பால் எங்களைப் போன்றவர்களுக்கு ஏதாவது உண்டா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, முக்கூடல்

அன்புத் தங்கைக்கு,

அந்த 1,400 ரூபாய் உங்கள் பணம். அதில் ஒரு ரூபாய்கூட வரியாகப் போக வேண்டியதில்லை. திரும்ப வாங்க வழி இருக்கிறது, வாங்கியே தீர வேண்டும்.

நீங்கள் கடிதத்தோடு வைத்திருந்த ரசீது நகலைப் பார்த்தேன். 'சம்பளம்' என்ற சொல்லே அதில் இல்லை. 'தொழில்முறைக் கட்டணம்' என்று அச்சடித்து, பக்கத்தில் 194ஜெ என்று பிரிவு எண்ணும் போட்டிருக்கிறார்கள். டாக்டர், வக்கீல், ஆடிட்டர் போன்றவர்களுக்குத் தரும் கட்டணத்தில் பத்து சதவீதம் பிடிக்கச் சொல்லும், 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு அது (2026 ஏப்ரல் முதல் புதிய சட்டத்தில் எண் வேறு). சம்பளம் என்றால், ஆண்டு முழுவதற்கும் எவ்வளவு வரி வரும் என்று கணக்குப் பார்த்த பிறகுதான் பிடிக்க வேண்டும். உங்கள் ஆண்டு வருமானம் 1,68,000 ரூபாய். அதற்கு வரி இல்லை, ஆகவே பிடித்தமும் இல்லை. கட்டணம் என்று எழுதிவிட்டால் அந்தக் கணக்குக்கே வேலையில்லை. ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் பத்து சதவீதம் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். 2025 மார்ச் வரை அந்த வரம்பு 30,000 ஆக இருந்தது. வரி விகிதம் ஏறினாலும் இறங்கினாலும் இந்தப் பத்து சதவீதம் அசைவதில்லை. பட்ஜெட்டுக்குப் பிறகும் உங்கள் கையில் அதே 12,600 வருவது இதனால்தான்.

ஏன் இப்படி எழுதுகிறார்கள்? குறித்த நேரத்துக்கு வருகிறீர்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறீர்கள், ஒரு நாள் லீவுக்கு மேலாளரிடம் நிற்கிறீர்கள். இது வேலை, தொழில்முறைச் சேவை அல்ல. உங்களை ஊழியர் என்று ஒப்புக்கொண்டால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுக்கு முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். உங்கள் சம்பளத்துக்கு அது 455 ரூபாய். இருபது பேரைத் தொட்டால் வருங்கால வைப்பு நிதியும் சேரும். 15,000 ரூபாய்க்குள் வாங்குபவருக்கு அது கட்டாயம். 14,000 முழுவதற்கும் கணக்கிட்டால் முதலாளி பங்கு 1,680 ரூபாய். ஆக மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் அவர்களுக்கு மிச்சம். உங்களுக்கு 1,400 முடக்கம், வைப்பு நிதி இல்லை, நாளை பிரசவம் என்று வந்தால் இ.எஸ்.ஐ. தரும் 26 வார உதவித்தொகையும் இல்லை. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. நெல்லையில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கடை என்று வேலை பார்க்கும் பெண்களிடமிருந்து இதே கதை அடிக்கடி வருகிறது.

தோழி சொன்ன 15ஜி இங்கே செல்லாது. 'எனக்கு வரி வராது, பிடிக்காதீர்கள்' என்று எழுதிக் கொடுக்கும் படிவம் அது, வங்கி வட்டி, வைப்பு நிதி போன்றவற்றுக்குத்தான். 194ஜெ பிடித்தத்துக்கு அந்தப் படிவத்தைக் கொடுத்துப் பயனில்லை. குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லி வருமான வரித் துறையிடம் சான்று வாங்கலாம். ஆனால் உங்களுக்கு அதைவிடக் கணக்குத் தாக்கல் செய்து பணத்தைத் திரும்பப் பெறுவது எளிது.

முதலில் வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் எண்ணைப் பதிவு செய்து, உங்கள் பெயரில் ஏறிய வரிப் பிடித்தத்தைக் காட்டும் அறிக்கையை (26ஏஎஸ் என்பார்கள்) திறந்து பாருங்கள். உங்களிடம் பிடித்தது அரசுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அதில் தெரியும். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பவர்களும் உண்டு. அப்படி என்றால் அந்த வரியை உங்களிடம் கேட்க முடியாது, ஆனால் பணம் திரும்புவதில் சிக்கல் வரும். அதனால் ரசீது ஒன்றையும் தொலைக்காதீர்கள். மார்ச்சோடு முடியும் ஆண்டின் கடைசிக் காலாண்டுப் பிடித்தம் ஜூன் நடுவில் ஏறிவிடும். அதன் பிறகு ஜூலைக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். கட்டணம் என்று பதிவாகியிருப்பதால், சம்பளக்காரர்கள் நிரப்பும் ஒன்றாம் படிவம் பொருந்தாது. இதை ஆடிட்டர் அலுவலகத்தில் சொல்லிச் செய்யுங்கள். இல்லாத வாடகையையும் இன்சூரன்ஸையும் காட்டி "அதிகம் வாங்கித் தருகிறேன்" என்று கமிஷன் பேசுபவர்களிடம் போகவே போகாதீர்கள். உங்களுக்கு எந்த வரிக் கழிவும் தேவையில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினாலே 16,800 ரூபாயும் திரும்பும். கெடு தாண்டிய முந்தைய ஆண்டுக்கும் வழி அடைத்துவிடவில்லை. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளக் கோரி மனுப் போட ஐந்து ஆண்டு வரை இடம் இருக்கிறது.

வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. நாளைக்கே போய்ச் சண்டை போடச் சொல்லமாட்டேன். வேலை போனால் வீட்டில் என்ன நிலைமை என்பது உங்களுக்குத்தான் தெரியும். உங்களோடு இருக்கும் மற்றவர்களுக்கும் இதே ரசீதுதானா என்று விசாரியுங்கள். நாலு பேராகச் சேர்ந்து, சம்பளப் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் திருநெல்வேலி வைப்பு நிதி அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

வரிக் குறைப்பால் உங்களுக்கு ஏதாவது உண்டா என்று கேட்டீர்கள். நேரடியாக ஒன்றும் இல்லை. வரிவிலக்கு வரம்பு 2014-லேயே 2.5 லட்சம் ஆகிவிட்டது. தள்ளுபடியால் 2019-ல் 5 லட்சம் வரையிலும், 2023-ல் புதிய வரி முறையில் 7 லட்சம் வரையிலும், 2025-ல் 12 லட்சம் வரையிலும் வரி இல்லாமல் போயிற்று. இவற்றில் எதிலும் உங்கள் 1,68,000-க்கு ஒரு பைசா மாற்றம் இல்லை. கடைசி அறிவிப்பில் 12 லட்சம் வாங்குபவருக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் மிச்சம். அவர் மிச்சம் பிடித்ததே உங்கள் ஆறு மாதச் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவு. நடுத்தர வர்க்கத்துக்கு அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அரசு விட்டுக்கொடுத்த சுமார் ஒரு லட்சம் கோடி ரூபாயில் உங்கள் பங்கு என்று எதுவும் இல்லை.

உங்களைத் தொடும் வரிகள் வேறு. ஆறு மாத வருமானம் 75,000-ஐத் தாண்டினால் உள்ளாட்சிக்குக் கட்டும் தொழில் வரியில் உச்சப் படி வந்துவிடுகிறது. மாதம் 14,000 வாங்குபவரும் 1,40,000 வாங்குபவரும் அங்கே ஒரே தொகைதான். இது எனக்கு நியாயமாகவே படவில்லை. கடையில் வாங்கும் பல பொருள்களில் ஜி.எஸ்.டி. இருக்கிறது. சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் 5 ஆகக் குறைந்ததே, அதுதான் உங்கள் வீட்டு வாசல்வரை வந்த வரிக் குறைப்பு. மளிகைச் சிட்டையில் பழைய விலையே போட்டிருந்தால் கேளுங்கள்.

அம்மாவுக்கும் வருமான வரியால் லாபமோ நஷ்டமோ இல்லை. ஆனால் பீடிக்கடையில் அவருக்கு வைப்பு நிதி பிடித்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஐந்து ஆண்டு நிறைவதற்குள் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால் பத்து சதவீதம் பிடிப்பார்கள், பான் இல்லாவிட்டால் இருபது. தோழி சொன்ன 15ஜி (2026 ஏப்ரல் முதல் அதற்குப் பதில் 121-ஆம் படிவம்) அங்கே உதவும். ஐந்து ஆண்டு தாண்டிய கணக்கென்றால் பிடித்தமே கிடையாது. பணம் எடுக்கும் நேரத்தில் பெரும்பாலும் தடங்கலாவது பெயர்தான். ஆதாரில் ஒரு விதமாகவும் வைப்பு நிதிக் கணக்கில் வேறு விதமாகவும் அம்மாவின் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துத் திருத்தி வையுங்கள்.