மே மாதத்து இறால் கணக்கு

கேள்வி: பாம்பனில் மீன் இறங்குதளத்தில் நின்று எடை குறித்து, இரண்டு வருடமாக பிஎச்.டி. செய்கிறேன். என் கைடு போன மாதம் வெளியிட்ட பேப்பரில் மூன்றாவது ஆசிரியராக என் பெயரும் இருக்கிறது. அதில் மே மாதம் விசைப்படகுகளில் வந்த இறால் என்று ஓர் அட்டவணை. என் நோட்டில் அப்படி ஒரு வரிகூட இல்லை. துறைத் தலைவரும் அவரேதான். யாரிடம் சொல்வது? சொன்னால் என் பட்டம் என்னாகும்?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும்போது அந்த இறால் எங்கிருந்து வந்தது?

ஆனால் கொஞ்சம் பொறுங்கள். நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. வல்லம் போன்ற நாட்டுப்படகில் வந்த இறாலை அட்டவணை போட்டவர் தலைப்பு மாற்றி வைத்திருக்கலாம். வேறொரு மாணவர் எடுத்த கணக்காகவும் இருக்கலாம். அப்படியானால் அது பிழை, இதழில் ஒரு திருத்தம் போட்டால் தீர்ந்தது. நிறுக்காத எடையை எழுதியிருந்தால்தான் அது மோசடி. எது நடந்தது என்று முடிவு செய்வது விசாரணைக் குழுவின் வேலை. உங்கள் கடிதத்தில் 'மோசடி' என்ற சொல்லே வேண்டாம். எத்தனையாவது அட்டவணை, எந்த வரி, என்ன எண், அந்தத் தேதியில் உங்கள் நோட்டில் என்ன இருக்கிறது, அவ்வளவு போதும்.

யாரிடமும் பேசுவதற்கு முன் நோட்டைப் பத்திரப்படுத்துங்கள். நான் உட்கார்ந்த ஒரு விசாரணையில், மாணவர் ஒருவர் மீன் தண்ணீர் பட்டு ஊறிப்போன தன் ஃபீல்டு நோட்டைப் புது நோட்டில் அழகாகப் பிரதி எடுத்துக் கொண்டுவந்தார். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டாராம். அவர் சொன்னது உண்மை என்றே எங்களுக்குப் பட்டது, ஆனால் கையில் ஆதாரம் இல்லை. இன்னும் அது எனக்கு உறுத்துகிறது. செதில் ஒட்டிய பக்கம், அடித்துத் திருத்திய எண், ஓரத்தில் கிறுக்கிய படகுப் பெயர், இதற்கெல்லாம்தான் மதிப்பு. எதையும் துடைக்காதீர்கள், திருத்தாதீர்கள். போட்டோக்களும் எக்செல் கோப்புகளும் அசல் தேதியோடு அப்படியே இருக்கட்டும். கைடின் கணினியையோ மெயிலையோ மட்டும் திறந்து பார்க்காதீர்கள். அப்புறம் விசாரணை உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

உங்கள் கரையில் இன்னொரு சாட்சியும் இருக்கிறது. விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத் துறை டோக்கன் கொடுக்கிறது. எந்தத் தேதியில் எத்தனை டோக்கன் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

சரி, யாரிடம் கொடுப்பது? பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கொண்டுவந்த விதிமுறைப்படி துறை அளவில் ஒரு குழு, நிறுவன அளவில் ஒரு குழு. துறைக் குழுவுக்குத் தலைவர் துறைத் தலைவரே, அதனால் அந்த வழி உங்களுக்கு ஆகாது. தவிர, அந்த விதிமுறை காப்பியடிப்பதைப் பற்றியது. எழுத்து ஒற்றுமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை, 60-ஐத் தாண்டினால் மாணவரின் பதிவே ரத்து என்று அளவு வைத்திருக்கிறது. இல்லாத எடையை எழுதினால் ஒற்றுமை பார்க்கும் மென்பொருளுக்குத் தெரியாது. ஆகவே பதிவாளருக்கும் ஆராய்ச்சிப் புல முதன்மையருக்கும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தோடு முத்திரையும் வாங்குங்கள். பெயரை ரகசியமாக வைக்கும்படி முதல் பத்தியிலேயே கேளுங்கள். துறைத் தலைவர் சம்பந்தப்பட்டவர் என்பதால் துறைக்கு வெளியே விசாரிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பெயரும் அந்தப் பேப்பரில் இருப்பதால் சும்மா இருக்க முடியாது. மே மாதக் கணக்கு நீங்கள் எடுத்ததல்ல என்று இதழின் ஆசிரியருக்கும் சுருக்கமாக எழுதுங்கள். பெரும்பாலும் அவர்கள் பல்கலைக்கழகத்தைத்தான் விசாரிக்கச் சொல்வார்கள், ஆனாலும் உங்கள் கடிதம் தேதியோடு பதிவாகிவிடும்.

பட்டத்தைப் பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. கைடு மாற்றம் கேட்டுத் தனியாக ஒரு விண்ணப்பம் கொடுங்கள், இதையும் அதையும் ஒரே தாளில் கலக்காதீர்கள். இரண்டு வருடம் கரையில் நின்று நிறுத்த எடை உங்கள் உழைப்பு, புதிய கைடின் கீழும் ஆய்வேட்டுக்கு அதுதான் அடித்தளம். நோட்டைத் துறையில் ஒப்படைக்கச் சொன்னால் மறுக்க வேண்டாம். அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை படம் எடுத்துவிட்டு, எத்தனை பக்கம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.